மருத்துவக் கல்வியில் இணையமும் சமூக ஊடகங்களும்

(நூற்றாண்டு விழாவில், மருத்துவத் துறையிலுள்ள பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



எங்களில் சிலர் 1990களில் யாழ்ப்பாண மருத்துவபீடத்தில் படித்தவர்கள். பாதை மூடியிருந்தது, மின்சாரம் இல்லை. ஒரு பாடநூல் பல கை மாறும். ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் குறிப்புகளைக் கையால் பிரதி செய்து படித்தோம். இன்று அதே பீடத்து மாணவி கைத்தொலைபேசியிலேயே பப்மெட்டில் ஆய்வுச் சுருக்கங்களைத் தேடுகிறாள். 1997 முதல் அது எல்லோருக்கும் இலவசம். உலக சுகாதார நிறுவனம் 2002இல் தொடங்கிய ஹினாரி திட்டம், வருமானம் குறைந்த நாடுகளின் கல்வி நிறுவனங்களுக்கு ஆய்விதழ்களை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ திறந்துவிட்டது. 2020இல் கொரோனாவால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது விரிவுரைகள் சூம் வழியாக வீட்டுக்கே வந்தன.

இதன் அருமை எங்களுக்குத் தெரியும். ஆகவே ‘போனைத் தொடாதே’ என்று தங்கைமாருக்குச் சொல்ல நாங்கள் வரவில்லை. மூன்று விடயங்களை மட்டும் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, இணையத்தில் கிடைப்பதெல்லாம் எமது நோயாளிக்குப் பொருந்தாது. பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கு பாவிக்கப்படும் இந்திய நச்சுமுறி மருந்து நாகம், கண்ணாடி விரியன் போன்ற நான்கு பாம்புகளின் நஞ்சுக்கே தயாரிக்கப்பட்டது. எம் நாட்டில் அதிகம் கடிக்கும் குழிவிரியனுக்கு அது பலன் தராது. கடும் ஒவ்வாமையை மட்டும் உண்டாக்கக்கூடும். வெளிநாட்டுக் காணொளி ஒன்றை மட்டும் நம்பிப் படித்தவருக்கு இது தெரியவராது. இலங்கை மருத்துவச் சங்கத்தின் பாம்புக்கடி வழிகாட்டியும், தொற்றுநோயியல் பிரிவின் டெங்கு வழிகாட்டியும் இணையத்திலேயே இருக்கின்றன. முதலில் அவற்றைப் படியுங்கள். பிறகு விடுதியில் நோயாளியைப் பாருங்கள். சந்தேகத்தை மூத்த வைத்தியரிடம் கேளுங்கள். வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் கைப்பழக்கத்தை எந்தக் காணொளியும் தராது.

இரண்டாவது, நோயாளியின் படம் எங்களுடைய சொத்து அல்ல. அபூர்வமான ஒரு புண்ணையோ எக்ஸ்ரேயையோ வட்ஸ்அப் குழுவில் போட்டுக் கலந்துரையாடுவது இன்று வழமையாகிவிட்டது. முகத்தை மறைத்தால் போதும் என்று நினைக்கிறோம். எங்கள் ஊர்கள் சிறியவை. வயது, கிராமம், நேர்ந்த விபத்து ஆகிய மூன்றும் தெரிந்தால் ஆளையும் தெரிந்துவிடும். எமக்கு முன்னால் ஒரு தாய் சேலையை விலக்குவது எம்மீதுள்ள நம்பிக்கையால். அவரின் சம்மதம் இல்லாமல் படம் எடுக்கவும் வேண்டாம், அனுப்பவும் வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலை விசேட பாதுகாப்புக்குரியதாகவே கொள்கிறது.

மூன்றாவது, எமது மொழி. நாங்கள் ஆங்கிலத்தில் மருத்துவம் படிக்கிறோம். நோயாளி தமிழில் கேட்கிறார். பப்பாசி இலைச்சாறு குடித்தால் டெங்கு மாறிவிடும் என்ற செய்தி தமிழில் வேகமாகப் பரவுகிறது. அதை நம்பி வைத்தியசாலைக்குப் பிந்தி வருபவர்களின் உயிருக்கே ஆபத்து. சரியான தகவலோ ஆங்கிலத்தில் கிடக்கிறது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் ஆங்கிலத்தில் தொடங்கிய மருத்துவப் போதனையைப் பின்னர் தமிழுக்கு மாற்றினார். அதற்கென மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கினார். கற்றவர்கள் கிராமத்து மக்களுக்குப் பயன்படவேண்டும் என்பதே அவரின் எண்ணம். அச்சுக்கூடத்தை நம்பி அவர் செய்ததைக் கையில் இணையத்தை வைத்திருக்கும் எங்களால் செய்யமுடியாதா?

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வைத்தியர்களாக, தாதியர்களாக, மருந்தாளர்களாகப் பணிபுரியும் சகோதரிகளே, மாதத்தில் ஒரு மணித்தியாலம் தாருங்கள். இங்கு படிக்கும் எம் தங்கைமாருடன் இணையவழியில் பாடம் பற்றிக் கலந்துரையாடுங்கள். ஒரு நோயைப் பற்றி ஐந்து நிமிடம் எளிய தமிழில் பேசிப் பதிவுசெய்யுங்கள்; இங்குள்ள வைத்தியர் ஒருவர் சரிபார்த்த பின் அதை எல்லோருக்கும் அனுப்புவோம்.

கற்றதைப் பகிர்ந்துகொள்ள எமக்குச் சொல்லித்தந்தது இந்தப் பாடசாலை. நூறாவது ஆண்டில் நாம் அதற்குச் செய்யக்கூடிய கைம்மாறு இதுவே.