எடுத்தலும் இடுதலும்
(போளூரில் ஆற்றப்பெற்ற உரை)



திருமலையில் நேமிநாதப் பெருமானை வணங்கச் செல்வோர் வெறுங்காலுடன் படியேறுகின்றனர். விடுமுறை நாளில் ஜவ்வாது மலைக்குச் செல்லும் குடும்பங்களில் பிள்ளைகள் வெறுங்காலுடன் ஓடையில் இறங்குகின்றனர். அவ்வழியில் உடைந்த கண்ணாடிச் சில்லு ஒன்று கிடந்தால் இன்பப் பயணம் துன்பமாகிவிடும். அதனை எடுக்கப் போன நெசவாளியின் விரல் அறுபட்டால், புண் ஆறும்வரை தறியும் நிற்கும். வீட்டு வருவாயும் நிற்கும்.

காட்டு உயிர்களும் இதற்குத் தப்பவில்லை. நீலகிரிக் காடுகளில் எறியப்பட்ட மதுப்புட்டிகள் உடைந்து யானைகளின் கால்களைக் கிழித்தமை சென்னை உயர் நீதிமன்றத்தின் கவனத்திற்கு வந்தது. அதன் பயனாக 2022 மே மாதம் அம்மாவட்டத்தில் ஒரு திட்டம் தொடங்கிற்று. புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, வெற்றுப்புட்டியைத் திருப்பித் தந்தால் அத்தொகையை மீள வழங்குவது அதன் முறை. புட்டிகளில் பெரும்பகுதி கடைகளுக்கே திரும்பியது. பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் அத்திட்டம் விரிந்தது. எனினும், முன்பே மண்ணில் கிடப்பவற்றை மனிதக் கைகளே அகற்ற வேண்டும்.

அகற்றுவது நற்பணி, ஆயினும் ஆர்வம் மட்டும் போதாது. துறவியர்க்கு வகுக்கப்பட்ட ஐந்து சமிதிகளுள் இரண்டு இங்கே வழிகாட்டும். பொருளை நன்கு பார்த்து எடுத்தலும் வைத்தலும் ஆதான நிக்ஷேபண சமிதி. கழிவை உயிர்களுக்குத் தீங்கு நேராத இடத்தில் இடுதல் உத்சர்க்க சமிதி. குப்பை அகற்றும் இல்லறத்தார்க்கும் இவையே அளவுகோல்.

முதலில், பார்த்து எடுத்தல். தடித்த கையுறையும் மூடிய காலணியும் அணிதல் வேண்டும். புதருக்குள்ளும் கல்லுக்கடியிலும் கைவிடலாகாது. தேளும் பாம்பும் அங்கே உறையும். நீண்ட இடுக்கியால் எடுப்பதே நன்று. இனிப்புப் பானம் ஒட்டிய புட்டிக்குள் எறும்பும் வண்டும் புகுந்து வெளியேற இயலாது தவிக்கும். அதனை மெல்லச் சாய்த்து அவ்வுயிர்களை வெளியேற்றிய பின்னரே பையில் இடுக. பூச்சிமருந்துப் புட்டியையோ உள்ளிருப்பது இன்னதென்று தெரியாத கலனையோ திறப்பதும் முகர்வதும் கூடாது. சிறுவர்க்குத் தாளும் நெகிழியும் பொறுக்கும் பணியை மட்டும் தருக. கண்ணாடியும் ஊசியும் பெரியோர் பொறுப்பு.

மருத்துவ ஊசி கிடந்தால், திருகுமூடியுள்ள கெட்டியான கலனை அதன் அருகே தரையில் வைத்து, இடுக்கியால் எடுத்து, கூர்முனை கீழாக உள்ளே இடுக. கலனைக் கையில் பிடித்திருத்தலும் ஊசிக்கு மூடி போட முயல்தலும் ஆபத்து. தப்பித் தவறிக் குத்திவிட்டால் வாயால் உறிஞ்சவோ பிதுக்கவோ வேண்டா. ஓடும் நீரிலும் சோப்பாலும் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்க. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்து தேவையெனில் அதனை 72 மணி நேரத்திற்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு விரைவோ அவ்வளவு நலம்.

அடுத்து, அறிந்து இடுதல். கண்ணாடிச் சில்லை மெல்லிய பையில் இட்டால், அப்பையைத் தூக்கும் தூய்மைப் பணியாளரின் கை அறுபடும். தகர டப்பாவிலோ தடித்த அட்டைப் பெட்டியிலோ இட்டு, ‘உடைந்த கண்ணாடி’ என்று எழுதி ஒப்படைக்க வேண்டும். பையைக் கையால் அமுக்குதலும் காலோடு உரசித் தூக்குதலும் தவிர்க்கத்தக்கன. ஊசி, பூச்சிமருந்துக் கலன், காலாவதியான மருந்து, மின்கலம் ஆகியவற்றை வீட்டு அபாயக் கழிவு என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் வகைப்படுத்தின. அவற்றைப் பிற குப்பையோடு கலவாமல் தனியே தருக. சேர்த்த குப்பைக்குத் தீ வைப்பதோ பெருங்குற்றம்; நச்சுப்புகை மனிதரை வருத்தும், நெருப்பு எண்ணற்ற சிற்றுயிர்களை மாய்க்கும்.

பெருமக்களே! ஓரிடத்துத் தீங்கை மற்றொருவர் கைக்கு மாற்றுவது தூய்மை ஆகாது. எடுப்பவர்க்கும், வாங்கிச் செல்பவர்க்கும், மண்ணில் ஊரும் உயிர்க்கும் ஊறு நேராமல் முடிந்த பணியே அகிம்சைப் பணி. அடுத்த மலைப்பயணத்திற்குக் கட்டுச்சோற்றோடு ஓர் இடுக்கியும், இரு கையுறையும், மூடியுள்ள ஒரு டப்பாவும் உடன் செல்லட்டும்.

அறம் வளர்க! உயிர்கள் யாவும் இனிது வாழ்க!