ஏரிக்கரை விரதம்

(மானாம்பதி விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சுற்றுச்சூழல் காப்பில் உலக நாடுகளின் ஒத்துழைப்பு என்பது எனக்கு அளிக்கப்பெற்ற பொருள். மானாம்பதியில் நின்று பாரிசைப் பற்றி என்ன பேசுவது என்று முதலில் தயங்கினேன். 2015 டிசம்பரில் உருவான பாரிஸ் ஒப்பந்தத்தைப் படித்தபின் தயக்கம் அகன்றது. அதன் அமைப்பு நமக்கு மிகப் பழகியதாக இருந்தது.

புவியின் வெப்ப உயர்வை 2 பாகைக்கு மிகக் கீழே நிறுத்துவதும், இயன்றால் 1.5 பாகைக்குள் அடக்குவதும் அதன் நோக்கம். ஆனால் இன்ன நாடு இவ்வளவு புகையைக் குறைக்க வேண்டும் என்று யாரும் அங்கே விதிக்கவில்லை. ஒவ்வொரு நாடும் தன் எல்லையைத் தானே வரைந்து பிறர் அறிய அறிவிக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது. தவறினால் தண்டம் இல்லை. இஃது இல்லறத்தார் ஏற்கும் பொருள்வரைதல் அன்றோ? நம் உடைமைக்கு நாமே அளவு வகுக்கிறோம். எந்தக் காவலரும் வீட்டிற்குள் வந்து எண்ணிப் பார்ப்பதில்லை.

எனினும் நம் ஆசாரியர்கள் விரதத்தைக் கொடுத்ததோடு அமையவில்லை. விரதத்தில் நேரும் பழுதுகளை அதிசாரம் என்று வகுத்துக் காட்டினர். செய்த பிழையைத் தானே ஆராயும் பிரதிக்கிரமணத்தையும் உடன் வைத்தனர். உலக நாடுகள் கூடித் தம் முதற்கணக்கைப் பார்த்தது 2023இல் துபாயில். வரைந்த எல்லைகள் போதவில்லை என்பதே அங்கே தெரிந்தது.

கணக்கின் அருமையை அறிய நாம் துபாய்க்குப் போக வேண்டியதில்லை. அருகிலுள்ள உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்கு உரியவர் அல்லர். நீர் பொதுவாயின் கணக்கும் பொது என்று எண்ணியிருக்கிறார்கள்.

வேடந்தாங்கலைப் பாருங்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டனர். 1798ஆம் ஆண்டளவில் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்கு உரிமைப் பத்திரம் அளித்தார். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதும் அவர்கள் அறிந்ததே. கருணையோடு பயனும் சேர்ந்திருந்ததை நான் குறையாகக் கருதவில்லை. தீபாவளிக்கும் அவ்வூரார் வெடி வெடிப்பதில்லை. கூழைக்கடாவும் நத்தைக்குத்தி நாரையும் அங்கே கூடு கட்டுகின்றன. ஊசிவால் வாத்து வடதேசங்களிலிருந்து எல்லைகள் பல கடந்து வருகிறது. வழியில் ஒரு நாடு தன் நீர்நிலையை அழித்தாலும் அதன் பயணம் கெடும். இதற்காகவே 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. 2022இல் வேடந்தாங்கலும் அடுத்துள்ள கரிக்கிலியும் அப்பட்டியலில் இடம் பெற்றன. உலகம் ஏற்றுக்கொண்டது, ஊரார் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காத்துவந்த ஒன்றை.

ஆயினும் அதற்கு இரண்டாண்டு முன்னர், 2020இல், அச்சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் எல்லையை 3 ஆகச் சுருக்கும் முன்மொழிவு வந்து பெரும் எதிர்ப்புக்கு உள்ளானது. வரைந்த எல்லையைப் பின்னர் நெகிழ்த்துவதும் அதிசாரமே.

நம் சமயத்தாரும் இவ்வுலக முயற்சியில் குரல் கொடுத்தவர்களே. 1990இல் எல்.எம். சிங்வி அவர்கள் எழுதிய இயற்கை பற்றிய சமண அறிக்கை லண்டனில் இளவரசர் பிலிப்பிடம் அளிக்கப்பெற்றது. மண், நீர், தீ, காற்று, மரம் ஆகியவற்றை உயிராகக் காணும் நெறியை உலகம் அன்று கேட்டது.

அந்த நெறியினர் நாம் என்ன செய்கிறோம்? நம் பாட்டிமார் நீரை வடிகட்டியபின், துணியில் தங்கிய நுண்ணுயிர்கள் பிழைக்கட்டும் என்று அதே கிணற்று நீரால் அலசி அக்கிணற்றிலேயே விட்டனர். இன்று நம் விழாப் பந்திகளில் பிளாஸ்டிக் தம்ளரில் நீர் தருகிறோம். மாலைக்குள் அவை காற்றில் பறந்து ஏரி வாய்க்காலில் மிதக்கின்றன. நானும் அத்தம்ளரில் குடித்தவன்தான், யாரையும் பழிக்கவில்லை.

அறக்கட்டளைப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். அடுத்த விழாவில் வாழையிலையும் எவர்சில்வர் தம்ளரும் போதும் என்று இவ்வவையிலேயே எல்லை வரையுங்கள். விழா முடிந்ததும் எவ்வளவு குப்பை சேர்ந்தது, அது எங்கே சென்றது என்னும் கணக்கை, வரவு செலவுக் கணக்கோடு சேர்த்து எங்கள் முன் படியுங்கள். தம்ளர் கழுவ ஆள் வேண்டுமெனில் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.