காட்டூர் நகைக்கும் நகை



நகை பிறத்தற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் வகுத்தார். காட்டூர் ஒன்றைக் கதைப்பொருளாக்கி நகைக்க முற்படும் ஆசிரியர் இவற்றுள் எதனைக் கைக்கொள்கின்றார் என்பதிலேயே அவ்வூரின் மானம் தங்கியுள்ளது. ஊராரை எள்ளினால் ஊர் சிறுமையுறும். ஊருக்கு வந்த படிப்பாளியின் பேதைமையைக் காட்டினால், ஊரும் உடன் சேர்ந்து நகைக்கும்.

அமெரிக்க நாட்டிலே இவ்வுண்மையை விளக்கும் நாவல் ஒன்று 1871ஆம் ஆண்டில் வெளிவந்தது. எட்வேர்ட் எகிள்ஸ்ரன் இயற்றிய 'ஹூசியர் பள்ளி ஆசிரியர்' என்பது அது. ஹூசியர் என்பது இந்தியானா மாநிலத்தார்க்கு வழங்கும் பெயர். அங்குள்ள காட்டூர் ஒன்றுக்கு ரால்வ் என்னும் இளைஞர் ஆசிரியராக வருகின்றார். முன்னர் வந்த ஆசிரியர்களை மாணவரே அடித்தும் விரட்டியும் விட்டனர் என்பதே அவருக்குக் கிடைக்கும் வரவேற்புரை! அவரை நீரில் வீழ்த்த எண்ணிய மாணவன் ஒருவன் பள்ளித் தரையின் பலகையைத் தளர்த்தி வைக்கின்றான். ஈற்றில் அவனே நீரில் வீழ்கின்றான். ஆயினும், எழுத்துக்கூட்டற் போட்டியிலே ஆசிரியரைத் தோற்கடிப்பவள் ஒரு வீட்டின் பணிப்பெண். கற்றவர் தோற்க, ஊர் ஆரவாரிக்கின்றது. பாத்திரங்கள் பேசுவதோ அம்மண்ணின் கொச்சைமொழி.

மார்க் ருவெயின் இன்னும் ஒரு படி சென்றார். 1884-85இல் வெளியான 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவல் முழுவதையும் படிப்பறிவு குறைந்த சிறுவனின் வாய்மொழியாகவே அமைத்தார். கொங்கோர்ட் நகர நூலகம் அதனைத் தரக்குறைவான நூலென விலக்கியது. இன்றோ அது பேரிலக்கியமாகப் போற்றப்படுகின்றது.

அமெரிக்கருக்கு மேற்குத் திசை எவ்வாறோ, யாழ்ப்பாணத்தாருள் பலருக்கு வன்னி ஒருகாலத்தில் அவ்வாறே தோன்றியது. காணி பெற்று வந்தோர் சிலர். உத்தியோக மாற்றத்தால் வந்தோர் சிலர். ஆனால் அது ஆளில்லாக் காடன்று. குளமும் வயலும் வேட்டையும் தேனும் அறிந்த பழங்குடிகள் வாழ்ந்த நிலம். அம்மண்ணின் மைந்தர் அ. பாலமனோகரன் 1973இல் 'நிலக்கிளி' நாவலைத் தந்தார். வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்து, சாகித்தியப் பரிசும் பெற்ற நூல் அது. தண்ணிமுறிப்பே அதன் களம். அங்கும் சுந்தரம் என்னும் இளம் ஆசிரியர் வெளியிலிருந்து வருகின்றார். ஆனால் அவர் வரவு நகைப்பை விளைக்கவில்லை. பதஞ்சலி, கதிராமன் என்போரின் இல்வாழ்விலே துயரை விளைக்கின்றது.

நம்மவர்க்கு நகைச்சுவை வாராதென்பதில்லை. செங்கை ஆழியான் 1969இல் 'ஆச்சி பயணம் போகிறாள்' நாவலிலே யாழ்ப்பாணத்து ஆச்சியைக் கொண்டு நம்மை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தார். அவரே வன்னியைக் களமாக்கி 'காட்டாறு' எழுதியபோது, ஏழை விவசாயிகள் சுரண்டப்படும் கொடுமையையே எழுதினார். அது வேண்டிய பணிதான். ஆயினும், அடக்கப்பட்டோர் அழுதவாறே இருப்பதில்லை. புதிதாய் வந்த உத்தியோகத்தர் யானைத் தடத்தை மாட்டுத்தடமென மயங்கினால், வன்னியார் வாய்பொத்திச் சிரியாதிருப்பரோ?

1984இல் தண்ணிமுறிப்பு மக்கள் தம் ஊரைவிட்டு இடம்பெயர நேர்ந்தது. 2009 வரை நீடித்த போர் வன்னி முழுவதையும் அலைக்கழித்தது. ஊர் சிதறும்போது முதலில் மறைவது நகைச்சுவையே. துயரத்தை எவர்க்கும் எடுத்துச் சொல்லலாம். இன்னாரை இன்னார் கேலி செய்தார் என்பதோ, அவ்விருவரையும் அறிந்தவர் அருகிருந்தாலன்றிச் சுவைக்காது.

ஆதலின், ஒட்டுசுட்டானிலும் முள்ளியவளையிலும் நெடுங்கேணியிலும் முதியோர் நினைவில் எஞ்சியுள்ள கதைகளை, அவர்தம் பேச்சுமொழியிலேயே இளைஞர்கள் எழுதி வைத்தல் வேண்டும். ஓர் ஊர் எவ்வாறு துன்புற்றது என்பதை வரலாறு கூறும். அது எவ்வாறு சிரித்தது என்பதைக் கதையன்றி வேறெது கூறும்?