புற்றுநோய் பரவுவதில் கால்சியப் புரதங்களின் பங்கு



புற்றுநோயால் இறப்போரில் பெரும்பாலோர், நோய் முதன்முதலில் தோன்றிய கட்டியினால் இறப்பதில்லை. மார்பகத்தில் தோன்றிய கட்டி மார்பகத்திலேயே இருக்கும்வரை அறுவை மருத்துவர் அதனை அகற்றிவிட வழியுண்டு. அது அங்கிருந்து புறப்பட்டு நுரையீரலிலும் ஈரலிலும் எலும்பிலும் குடியேறிவிட்டால் நிலைமை கைமீறிப் போகிறது. ஆகவே, புற்றுநோய் எப்படித் தோன்றுகிறது என்பதைப் போலவே, அது எப்படிப் பரவுகிறது என்பதும் நம் கவனத்துக்கு உரியது. பரவுவதற்குத் துணைபோகும் சில புரதங்களைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். கால்சியத்தைப் பற்றிக்கொண்டு இயங்கும் புரதங்கள் இவை.

தலைப்பைக் கேட்டதும் வீட்டில் பாலையும் கேழ்வரகையும் நிறுத்திவிட வேண்டுமோ என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நம் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் உறைந்து கிடக்கிறது. இரத்தத்தில் இருக்கும் சிறு பகுதியை ஹார்மோன்கள் ஒரே அளவில் காத்துவருகின்றன. உணவில் குறைத்தால் எலும்பிலிருந்து எடுத்து ஈடுசெய்துகொள்ளும். இங்கே பேசப்படுவது உண்ணும் கால்சியத்தைப் பற்றியதன்று. உயிரணுவுக்குள் அது கொண்டுசெல்லும் செய்தியைப் பற்றியது.

கால்சியம் எலும்புக்கு மட்டும் உரியதன்று என்பதை உலகம் அறிந்துகொண்ட விதமே சுவையானது. 1880-களில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்னும் மருத்துவர், தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் இட்டுத் துடிக்கச் செய்துவந்தார். கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் தயாரித்தபோது துடிப்பு தளர்ந்தது. லண்டன் குழாய் நீரில் தயாரித்தபோது தொடர்ந்தது. குழாய் நீரில் கலந்திருந்த சுண்ணாம்புச் சத்தே காரணம் என்று அவர் 1883-இல் எழுதினார். கடின நீரைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ளும் நமக்கு இது சற்று ஆறுதல் தரக்கூடிய செய்தி.

உயிரணுவுக்கு வெளியே உள்ள கால்சிய அயனிகளின் அடர்த்தி, உள்ளே இருப்பதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு அதிகம். உயிரணு தன் ஆற்றலைச் செலவிட்டு இந்த வேறுபாட்டை இடைவிடாது காக்கிறது. ஏதேனும் ஒரு தூண்டுதலால் வாயில் திறந்து சிறிதளவு கால்சியம் உள்ளே புகுந்தாலும் அது பெரிய செய்தியாகிறது. அந்தச் செய்தியை வாங்கிச் செயலாக மாற்றுபவை கால்சியம் பற்றும் புரதங்கள். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்துப் பிடித்த கையைப் போன்ற மடிப்பு ஒன்று இவற்றுள் பலவற்றில் உண்டு. கெண்டை இனத்தைச் சேர்ந்த ஒரு மீனின் தசைப் புரதத்தை ஆராய்ந்த கிரெட்சிங்கர் 1973-இல் இதனை விவரித்தார். கால்சியம் அந்தப் பிடிக்குள் அமர்ந்ததும் புரதத்தின் வடிவம் மாறுகிறது. அதுவரை மறைந்திருந்த ஒரு பகுதி வெளிப்பட்டு வேறொரு புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது.

உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைத்து வைப்பதிலும் கால்சியத்துக்குப் பங்கு உண்டு. ஜப்பானிய விஞ்ஞானி மசதோஷி தாகெய்ச்சி கண்டறிந்த கேட்ஹெரின் என்னும் புரதம், செங்கற்களுக்கிடையே சாந்து போல உயிரணுக்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. கால்சியத்தை நீக்கிவிட்டால் அப்பிடி நழுவிவிடும். பல புற்றுநோய்களில், கட்டி பரவத் தொடங்கும்போது இந்தப் புரதம் குறைந்துபோவது காணப்பட்டிருக்கிறது.

ஆனால் பிணைப்புத் தளர்ந்தால் மட்டும் போதாது. உயிரணு நகரவும் வேண்டும். இங்கேதான் எஸ்-100 என்னும் குடும்பம் வருகிறது. 1965-இல் மூர் என்பவர் மாட்டு மூளையிலிருந்து இக்குடும்பத்தின் முதற் புரதங்களைப் பிரித்தெடுத்தார். அம்மோனியம் சல்பேட் 100 விழுக்காடு செறிந்த கரைசலிலும் அவை கரைந்தே நின்றதால் இப்பெயர் வந்தது. இன்று மனித உடலில் இக்குடும்பத்தினர் இருபதுக்கு மேற்பட்டோர் அறியப்பட்டுள்ளனர்.

அவர்களுள் எஸ்-100 ஏ-4 என்பது 101 அமினோ அமிலங்களே கொண்ட சிறிய புரதம். 1989-இல் மாஸ்கோவில், சுண்டெலியின் மார்பகக் கட்டிகளுள் பரவும் வகையையும் பரவாத வகையையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், பரவும் வகையில் ஒரு மரபணு மிகுதியாக இயங்குவதைக் கண்டனர். இப்புரதத்தின் மரபணு அதுவே. பரவுதலைக் குறிக்கும் சொல்லையொட்டி இதற்கு மெட்டாஸ்டாசின் என்றும் பெயர். கால்சியம் பற்றியதும் இது மயோசின் என்னும் புரதத்தின் இழைகளைப் பிடித்துக் கலைக்கிறது. தசையைச் சுருக்குவதாக நாம் அறிந்த மயோசினின் உறவினர் ஒருவர், தசையல்லாத உயிரணுக்களிலும் உட்கட்டமைப்பை இறுக்கிப் பிடித்திருக்கிறார். அந்தப் பிடி வேண்டிய இடத்தில் கலைந்தால் உயிரணு வடிவம் மாறி, முன்னே நீண்டு, நகர முடிகிறது.

இதில் மிக முக்கியமாக நான் கருதுவது சுண்டெலிச் சோதனைகளின் முடிவு. இம்மரபணுவை மார்பகத்தில் மிகையாக இயங்கச் செய்தபோது, அது தானாகப் புற்றுநோயை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே கட்டி தோன்றும் இயல்புடைய எலிகளோடு அவற்றைக் கலந்தபோது, கட்டிகள் நுரையீரலுக்குப் பரவின. அதாவது இது தீ மூட்டுவதில்லை. மூண்ட தீயை அடுத்த கூரைக்குக் கொண்டுபோகிறது. 

1889-இல் ஸ்டீபன் பேஜெட் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர், 735 மார்பகப் புற்றுநோய் மரணங்களின் பதிவுகளைப் பார்த்து, விதை எங்கும் விழுந்தாலும் ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று சொன்னார். உழவருக்கு விளக்கத் தேவையில்லாத உண்மை. எஸ்-100 ஏ-4 இந்தக் கருத்துக்கும் சான்று தருகிறது: இப்புரதமே இல்லாதபடி வளர்க்கப்பட்ட எலிகளின் உடலில், தீவிரமாகப் பரவக்கூடிய புற்றணுக்களைச் செலுத்தியபோது அவை பரவ இயலாமற் போயின. மண்ணிலிருந்தும் இப்புரதம் சுரக்க வேண்டியிருக்கிறது என்று இதனால் தெரிகிறது.

இவற்றால் நோயாளிக்கு என்ன பயன்? மார்பகப் புற்றுநோயில் இப்புரதம் மிகுந்த கட்டிகளை உடையோர் நெடுநாள் பிழைத்திருப்பது அரிது என்று லிவர்பூலில் நடந்த ஆய்வு காட்டியது. யாருக்குக் கடுமையான சிகிச்சை வேண்டும், யாரை அதன் துன்பத்திலிருந்தும் செலவிலிருந்தும் விடுவிக்கலாம் என்று அறிவது, சிகிச்சைக்காக நிலத்தை அடகு வைக்கும் குடும்பங்கள் உள்ள நாட்டில் சிறிய விஷயமன்று. ஆயினும் இச்சோதனை இன்னும் அன்றாட மருத்துவத்துக்குள் வரவில்லை.

மருந்தைப் பொறுத்தவரை, நாடாப்புழுவுக்குக் கொடுக்கப்படும் நிக்லோசமைடு என்னும் பழைய மலிவான மருந்து, பெருங்குடற் புற்றணுக்களில் எஸ்-100 ஏ-4 உற்பத்தியைக் குறைத்து, எலிகளில் பரவலையும் தடுத்ததாக 2011-இல் பெர்லின் ஆய்வாளர்கள் தெரிவித்தனர். பரவிய பெருங்குடற் புற்றுநோய் உள்ளவர்களிடம் இதனைச் சோதிக்கும் முயற்சியும் அங்கே தொடங்கப்பட்டது. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. புழுவைக் கொல்ல மருந்து குடலில் தங்கினால் போதும். அதனால் இம்மருந்து இரத்தத்தில் அதிகம் கலப்பதில்லை. புற்றணுவை எட்ட அது கலந்தாக வேண்டும்.

மலிவான பொருளால் பரவலைக் குறைக்க முடியும் என்பது வெறும் கனவன்று. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை முன்னின்று, நம் நாட்டின் 11 மையங்களில் நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. அறுவைக்குச் சற்று முன் கட்டியைச் சுற்றி லிக்னோகெய்ன் என்னும் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்திய பெண்களில், ஐந்தாண்டு கழித்து உயிருடன் இருந்தோர் 90.1 விழுக்காடு, செலுத்தப்படாதவர்களில் 86.4 விழுக்காடு. இம்மருந்து அடைப்பது கால்சிய வாயிலையன்று, சோடிய வாயிலை. ஆயினும் அயனிகளின் போக்குவரத்தில் கைவைத்துப் பரவலைக் குறைக்கலாம் என்பதற்கு இதனையும் ஒரு சான்றாகக் கொள்ளலாம். கால்சியப் புரதங்களுக்கு எதிரான மருந்துகளும் இத்தகைய ஆய்வில், ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம், இனித்தான் தேற வேண்டும்.