இருட்டறையிற் கற்ற கல்வி

கல்வியின் பொருட்டுக் கடல் கடந்து செல்லும் மாணவரை இரண்டு கவலைகள் விடாது பற்றிக் கொள்கின்றன. படிக்க வந்ததைப் படித்து முடிக்க வேண்டும் என்பது ஒன்று. படிக்குங் காலத்தில் உண்ணவும் உறையவும் வழி வேண்டும் என்பது மற்றையது. மருத்துவமோ பொறியியலோ கற்கச் செல்வோருக்குப் படிப்பு முடிந்ததும் உத்தியோகங் கிடைக்கும் என்ற நம்பிக்கையாவது துணை நிற்கும். புகைப்படக் கலை கற்கச் செல்வோருக்கு அந்த நம்பிக்கையும் குறைவு. கமரா, வில்லை, அச்சுத்தாள் என்று செலவு மட்டும் நாடோறும் வளரும். ஊரிலுள்ள உறவினரோ, "படம் பிடிக்கப் பழகுவதற்கும் பிறநாடு போக வேண்டுமா?" என்று வினவுவர். இந்நிலையில் வேலை தேடுவதா, படிப்பைக் கவனிப்பதா என்று தடுமாறாத மாணவர் மிகச் சிலரே.

இத்தடுமாற்றம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிற் பாரிஸ் மாநகருக்குச் சென்ற இரண்டு மாணவியர் இதே இடர்ப்பாட்டுக்கு ஆளாயினர். ஒருவர் அமெரிக்காவிலிருந்து தாமாக விரும்பிச் சென்றவர். மற்றவர் ஜேர்மனியிலிருந்து உயிர் தப்பிச் சென்றவர். இருவரும் பிற்காலத்திற் புகைப்படக் கலையில் உலகப் புகழ் எய்தினர். ஆயின் அவர்களுடைய புகழைக் காட்டிலும், கையிற் காசில்லாத மாணவப் பருவத்தை அவர்கள் எவ்வாறு கடந்தனர் என்பதே இங்கு நாம் கருதத்தக்கது.

முதலாமவர் பெரனிஸ் அபட் என்பவர். இவர் 1898 ஆம் ஆண்டில் ஒகாயோ மாநிலத்திற் பிறந்தார். சர்வகலாசாலைப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, நியூயோர்க்கிற் சில காலம் வாழ்ந்து, 1921 ஆம் ஆண்டிற் பாரிசுக்குக் கப்பலேறினார். அவர் அங்குக் கற்கச் சென்றது புகைப்படக் கலையன்று, சிற்பக் கலை. சிற்பம் பயில்வதற்குக் காலமும் பொருளும் வேண்டும். இரண்டுமின்றிக் கையிற் கிடைத்த சிறு வேலைகளைச் செய்து அவர் நாட்களைக் கழித்தார். பேர்ளின் நகருக்குச் சென்று அங்கும் சிறிது காலம் பயின்று பார்த்தார். அங்கும் வறுமை அவரை விட்டு நீங்கவில்லை.

1923 ஆம் ஆண்டிற் பாரிசுக்கு மீண்ட அபட், நியூயோர்க்கிலேயே தமக்கு அறிமுகமாகியிருந்த மான் ரே என்னும் கலைஞரைச் சந்தித்தார். மான் ரே அப்பொழுது பாரிசிற் புகழ்பெற்ற புகைப்படக்காரர். அவருக்கு இருட்டறையில் உதவி செய்ய ஓர் ஆள் தேவைப்பட்டது. புகைப்படம் பற்றிச் சிறிதுந் தெரிந்தவர்களைத் தாம் விரும்பவில்லை என்றும், ஒன்றுமே தெரியாத ஒருவர் கிடைத்தால் நலம் என்றும் அவர் கூறினாராம். தமக்கு ஒன்றுமே தெரியாது என்பதைத் தகுதியாகக் காட்டி, அந்த வேலைக்குத் தம்மை எடுத்துக்கொள்ளும்படி அபட் வேண்டினார். வேலையுங் கிடைத்தது.

இருட்டறை வேலை இன்னதென்பதை இக்கால இளைஞர் பலர் அறியார். அச்சுத்தாளுக்கு ஊறு செய்யாத மங்கிய விளக்கொளியில் நின்று, நெகற்றிவ் வழியே தாளின்மேல் ஒளியைப் பாய்ச்ச வேண்டும். பின்னர் அத்தாளை ஒரு தட்டிலுள்ள மருந்து நீரில் இட்டால் உருவம் மெல்ல மெல்லத் தோன்றும். இன்னொரு தட்டு நீர் அந்த வேலையைத் தக்க தருணத்தில் நிறுத்தும். மூன்றாவது தட்டு நீர் உருவத்தை நிலைபெறச் செய்யும். அதன்பின் நெடுநேரம் நன்னீரிற் கழுவ வேண்டும். சில நொடிகள் கூடினாற் படம் கருகிப்போம், குறைந்தால் வெளிறிப்போம். முகத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் ஒளியைக் குறைக்க வேண்டுமாயின், கையை இடையே அசைத்து நிழலிட வேண்டும். இவ்வாறு நாள்தோறும் பிறர் எடுத்த படங்களை அச்சிட்டதனால், ஒளி முகத்தின்மேல் எவ்வாறு விழுகின்றது, நிழல் எங்கே அழகு செய்கின்றது, எங்கே கெடுக்கின்றது என்பவற்றை அபட் கண்ணாலுங் கையாலுங் கற்றார். சம்பளம் மிகப் பெரிதன்று. ஆனால் கட்டணஞ் செலுத்தாமற் கிடைத்த கல்லூரி அது.

சில காலஞ் சென்றபின், மான் ரேயின் இசைவோடு அதே கூடத்தில் அபட் தாமாகவும் உருவப்படங்கள் எடுக்கலானார். அவருடைய படங்களை விரும்பி வருவோர் பெருகவே, ஆசிரியரிடத்திலேயே மாணவி போட்டியாக நிற்கும் நிலை உண்டாயிற்று. 1926 ஆம் ஆண்டில் அவர் அவ்விடத்தை விட்டு விலகி, நண்பர் சிலர் தந்த கடனுதவியைக் கொண்டு சொந்தமாக ஒரு கூடம் அமைத்தார். அவருடைய படங்களின் முதலாவது தனிக் கண்காட்சியும் அவ்வாண்டிலேயே பாரிசில் நிகழ்ந்தது. ஜேம்ஸ் ஜொய்ஸ் முதலான எழுத்தாளர்கள் அவருடைய கமராவின் முன் அமர்ந்தனர். வேலைக்காகச் சேர்ந்த இடத்திற் கலையைக் கற்றுக் கொண்டு, கற்றது போதும் என்ற அளவில் அவ்விடத்தை விட்டு விலகியமை அவருடைய மதிநுட்பத்தைக் காட்டுகின்றது.

மான் ரேயின் கூடம் இருந்த அதே வீதியில் யூஜீன் அட்ஜே என்னும் முதியவர் வாழ்ந்து வந்தார். பழைய பாரிசின் தெருக்களையும் கடைவாயில்களையும் பல ஆண்டுகளாகக் கண்ணாடித் தகடுகளிற் படமாக்கி வந்தவர் அவர். அவர் பெருமையை உணர்ந்தோர் அப்பொழுது சிலரே. அபட் அவரைத் தேடிச் சென்று அவருடைய படங்களைக் கண்டு வியந்தார். 1927 ஆம் ஆண்டில் அட்ஜே காலமானார். தாம் சம்பாதித்ததையும் கடனாகப் பெற்றதையும் சேர்த்து, அவர் விட்டுச் சென்ற ஆயிரத்துக்கு மேற்பட்ட கண்ணாடித் தகடுகளையும் ஆயிரக்கணக்கான அச்சுப் பிரதிகளையும் அபட் மறு ஆண்டில் வாங்கிப் பேணினார். பாடசாலை எதுவும் அவருக்கு அட்ஜேயைப் பாடமாக வைக்கவில்லை. வேலை செய்த வீதியே அந்த ஆசிரியரை அவருக்குக் காட்டிற்று.

இனி, மற்றைய மாணவியின் வரலாற்றைப் பார்ப்போம். ஜிசேல் புரொயின்ட் 1908 ஆம் ஆண்டிற் பேர்ளினுக்கு அருகில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். பள்ளிப் படிப்பின் இறுதிப் பரீட்சையில் அவர் தேறியமைக்குப் பரிசாகத் தந்தையார் லைக்கா கமரா ஒன்றை வாங்கிக் கொடுத்தார். பிராங்பேர்ட் நகரிற் சமூகவியல் கற்ற அவர், பிரான்சிற் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் புகைப்படம் வளர்ந்த வரலாற்றையே தமது ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார். 1933 ஆம் ஆண்டில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதராகவும் சமதர்ம மாணவர் இயக்கத்தைச் சார்ந்தவராகவும் இருந்த புரொயின்டுக்கு அந்நாட்டில் இடமில்லாது போயிற்று. முடிவு பெறாத ஆராய்ச்சியோடும் லைக்கா கமராவோடும் அவ்வாண்டு மே மாத இறுதியில் அவர் பாரிசுக்குச் சென்றார்.

பாரிசில் அவர் சோர்போன் சர்வகலாசாலையிற் சேர்ந்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். தேசிய நூலகத்தில் அமர்ந்து பழைய ஏடுகளைப் புரட்டுவது ஒருபுறம். கமராவைத் தூக்கிக் கொண்டு பத்திரிகைகளுக்குப் படந் தேடுவது மற்றொருபுறம். 1935 ஆம் ஆண்டிற் பாரிசில் நடைபெற்ற அனைத்துலக எழுத்தாளர் மாநாட்டில் அவர் எடுத்த படங்கள் அவரைப் பலருக்கு அறிமுகஞ் செய்தன. 1936 ஆம் ஆண்டில், வேலையிழந்து வாடிய வட இங்கிலாந்து மக்களின் வாழ்க்கையை அவர் எடுத்த படங்கள் அமெரிக்காவில் அப்பொழுதுதான் தொடங்கப்பெற்ற 'லைஃப்' இதழில் வெளியாயின. பிறநாட்டில் வேலை தேடித் திரிந்த ஒரு மாணவியே வேலையற்றோரின் துயரை உலகுக்குக் காட்டினார் என்பது குறிப்பிடத்தக்கது.

அதே ஆண்டில் அவருடைய ஆராய்ச்சியும் நிறைவெய்தியது. அட்ரியென் மொனியே என்னும் புத்தகசாலை உரிமையாளர் அதனை நூலாக வெளியிட்டார். நடுத்தர வகுப்பினர் செல்வாக்குப் பெற்ற காலத்திலே, பிரபுக்களைப் போலத் தாமும் உருவப்படம் வைத்துக்கொள்ள விரும்பியமையாற் புகைப்படத் தொழில் பெருகியது என்பதை அந்நூல் எடுத்துக் காட்டுகின்றது. 1854 ஆம் ஆண்டில் டிஸ்டெரி என்பவர் சிறிய அட்டை வடிவிலான மலிவான படத்துக்கு உரிமை பெற்றார். அதன்பின் படம் மலிந்தது. எல்லா முகங்களும் ஒரே பாவனையில், ஒரே திரைச்சீலையின் முன் நிற்கலாயின. நூலகத்திற் கற்ற இச்செய்தி புரொயின்டுடைய தொழிலுக்கும் வழிகாட்டிற்று எனலாம். அவர் எழுத்தாளர்களைக் கூடத்துக்கு அழைத்துப் பாவனை செய்யச் சொல்லவில்லை. அவர்களுடைய நூல்களை முதலிற் படித்தார். பின்னர் அவர்கள் இல்லத்துக்கே சென்று உரையாடி, அவர்கள் கமராவை மறந்திருக்கும் வேளையிற் படமெடுத்தார். படத்தில் திருத்தஞ் செய்து முகத்தை மெருகிடும் வழக்கத்தையும் அவர் விரும்பவில்லை.

இவ்விருவர் வாழ்க்கையும் ஒன்றற்கொன்று எதிர்ப்புறமாக அமைந்தவை. அபட்டுக்கு வேலை கல்வியாயிற்று. புரொயின்டுக்குக் கல்வி வேலையைச் செம்மை செய்தது. ஆயின் இருவருக்கும் பொதுவான ஓர் உண்மை உளது. பிழைப்புக்காகத் தம் கல்விக்கு வெகு தொலைவிலுள்ள தொழிலிற் போய் அவர்கள் நிலைத்துவிடவில்லை. கல்விக்கு அருகிலேயே, கூலி சிறிதாயினும், தமக்குரிய தொழிலைத் தேடிக்கொண்டனர்.

இனி, இக்காலத்து மாணவருக்கு இது பொருந்துமா என்ற வினா எழும். இன்று பிறநாட்டு மாணவருடைய வேலைக்குச் சட்டம் எல்லை வகுத்துள்ளது. பிரித்தானியாவிற் பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம் வரையே பெரும்பாலும் வேலை செய்யலாம். அவுஸ்திரேலியாவில் 2023 ஆம் ஆண்டு யூலை மாதம் முதல் இரு வாரங்களுக்கு 48 மணித்தியாலம் என்றும், கனடாவில் 2024 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் கல்லூரிக்கு வெளியே வாரத்துக்கு 24 மணித்தியாலம் என்றும் வரையறுத்துள்ளனர். இவற்றோடு, புகைப்பட மாணவர் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய விதியொன்று பிரித்தானியாவில் உண்டு. மாணவர் விசாவில் இருப்போர் சுயதொழில் செய்தல் ஆகாது. ஒரு கலியாண வீட்டுக்குக் கூலி பேசிப் படமெடுத்துக் கொடுப்பதும் சுயதொழிலே. நம்மவர் கொண்டாட்டங்கள் நிறைந்த இலண்டன் நகரில், உறவினரோ நண்பரோ அன்பினால் அழைத்துப் பணங் கொடுத்தாலும், அது விசாவுக்கே ஆபத்தாய் முடியலாம். காணியை ஈடுவைத்துப் பிள்ளையை அனுப்பிய பெற்றோர் இதனை அறிந்திருத்தல் நன்று. "நீ படமெடுத்துச் சம்பாதிக்கலாமே" என்று கடிதத்திலோ தொலைபேசியிலோ தூண்டுவது பிள்ளைக்குத் தீங்காகலாம்.

ஆகையால், அத்தகைய நாட்டில் மாணவர் நாடத்தக்கது அபட் சென்ற வழியே. ஒரு படக்கூடத்தில் சம்பளம் பெறும் உதவியாளராகலாம். கமராக் கடையில் விற்பனையாளராகலாம். நூலகத்திலோ அருங்காட்சியகத்திலோ பழைய படங்களை வகைப்படுத்திப் பேணும் வேலையில் அமரலாம். உணவுச்சாலையில் கிடைக்குங் கூலியினும் இங்குக் கிடைப்பது குறைவாக இருத்தல் கூடும். உணவுச்சாலை வேலை இழிவானதன்று. வயிறு நிரம்பாதவர் முதலில் அதனையே நாட வேண்டும். எனினும் அனுமதிக்கப்பட்ட 20 மணித்தியாலத்திற் சிலவற்றையேனும் தம் கலைக்கு அருகிற் செலவிடுபவர், படிப்பு முடியும் நாளில் வெறும் பட்டத்தோடு நிற்கமாட்டார். தொழில் செய்வோரின் அறிமுகமும், தம் திறமையைக் காட்டும் படத்தொகுப்பும் அவரிடம் இருக்கும். இத்துறையில் வேலை கொடுப்போர் பட்டத்தைக் கேட்குமுன் படத்தொகுப்பையே கேட்பர்.

இன்னொன்றுங் கூறுதல் வேண்டும். கலைக்கு அருகிலுள்ள வேலையும் கலையை விழுங்கிவிடக் கூடும். நாள் முழுதும் பிறருக்காகப் படங் கழுவுபவர் தமக்கென ஒரு படமும் எடுக்காமலே ஆண்டுகளைக் கழித்துவிடலாம். இதற்கும் அபட்டின் வாழ்வில் மருந்து உண்டு. 1929 ஆம் ஆண்டில் அவர் நியூயோர்க்குக்குத் திரும்பினார். பழைய கட்டடங்கள் இடிந்து வானளாவிய மாடங்கள் எழுவதைக் கண்டு, அட்ஜே பாரிசுக்குச் செய்ததைத் தாம் நியூயோர்க்குக்குச் செய்யத் துணிந்தார். அவ்வாண்டிலேயே பொருளாதார வீழ்ச்சி வந்தது. உதவி வேண்டி அவர் அணுகிய நிறுவனங்கள் கைவிரித்தன. கிடைத்த வேலைகளைச் செய்து வயிற்றைக் கழுவிய அவர், வாரத்திற் புதன்கிழமையை மட்டும் நகரத்தைப் படமாக்குவதற்கென்று ஒதுக்கினார். 1935 ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் கலைத் திட்டம் அவரை வேலைக்கமர்த்தும் வரை அப்பணி அவ்வாறே நடந்தது. 1939 ஆம் ஆண்டில் 'மாறிவரும் நியூயோர்க்' என்ற பொருள்படும் பெயரோடு அப்படங்கள் நூலாயின.

அவர் தாம் பெற்ற கல்வியைப் பிறருக்கும் வழங்கினார். நியூயோர்க்கிலுள்ள ஒரு கல்வி நிலையத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் புகைப்படக் கலையைக் கற்பித்தார். அறுபதாவது வயதில், மசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பள்ளி மாணவருக்கான பௌதிக பாடநூல் தயாரித்த குழுவிற் சேர்ந்து, துள்ளும் பந்தின் பாதையையும் நீரலைகளின் இயல்பையும் படமாக்கினார். பாரிஸ் இருட்டறையிற் கூலிக்குக் கற்ற கைத்தொழில், பள்ளிப் பிள்ளைகளின் பாடநூல் வரை பயன்பட்டது.

பிறநாடு செல்லும் பிள்ளைகள் வேலையையும் படிப்பையும் இரு பகைவராக எண்ணி ஏங்க வேண்டியதில்லை. சட்டத்தின் எல்லையை அறிந்து, கலைக்கு அருகில் ஒரு வேலையைத் தேடிக்கொள்க. வாரத்தில் ஒரு நாளையேனும் எவருக்கும் விற்காமல் தம் கலைக்கென்று வைத்துக்கொள்க. பெற்றோர்களும், முதல் ஆண்டிலேயே பணத்தை எதிர்பாராது, பிள்ளை எடுத்த படங்களை அனுப்பும்படி கேட்டுப் பார்ப்பார்களாக. அப்படங்கள் மாதந்தோறும் திருந்தி வருமாயின், செலவிட்ட பொருள் வீண்போகவில்லை என்பதை அவர்களே கண்டுகொள்வர்.