மேற்கு எந்தப் பக்கம்?



பட்டம் பெறும் செவிலியர்களே, முதலாண்டில் விளக்கேந்தி நீங்கள் எடுத்த உறுதிமொழி நைட்டிங்கேல் பெயரில் இருக்கிறது. எழுதியவர் அவரல்ல, 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையிலான குழு எழுதியது. கடவுள் முன்னிலையில் என்றுதான் அது தொடங்குகிறது. எந்தக் கடவுள் என்று சொல்லாமல் விட்டார்கள். வார்டில் படுத்திருப்பவருடைய கடவுள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

செவிலியர் படிப்பில் சமயமும் அறநெறியும் வேண்டும் என்றால், பிரசாரமாகிவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். நியாயம்தான். மதிய வேளையில் பாதி வகுப்பு தூங்கும் நீதிபோதனையாகிவிடுமோ என்பது என் பயம்!

நான் கேட்பது வேறு: நோயாளியின் நம்பிக்கையைத் தெரிந்து நடப்பது. ஆபரேஷனுக்கு முன் ஒரு பெண் தாலியைக் கழற்றியாக வேண்டும். காட்டரி என்ற மின்சூட்டுக் கருவியை வைக்கும்போது உலோகம் பட்ட இடம் வெந்துபோகலாம். "கழற்றும்மா, நேரமாச்சு" என்று டிரேயை நீட்டும் சிஸ்டரும் விதிப்படிதான் நடக்கிறார். இன்னொரு சிஸ்டர் முதல் நாள் மாலையே மாமியாரைக் கூப்பிட்டு, மஞ்சள் கயிறும் ஒரு மஞ்சள் கிழங்கும் வாங்கிவரச் சொல்லிவிடுவார். புதுக் கயிறு கழுத்தில் ஏறிய பிறகே பழையது இறங்கும். அந்தப் பெண் அழாமல் தியேட்டருக்குப் போவாள். இது எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது?

ரம்ஜான் மாதம் சர்க்கரை நோயாளி யாரிடமும் சொல்லாமல் இன்சுலினை நிறுத்திவிடுவார். அதட்டினால் அடுத்த முறை மறைப்பார். நோயாளி நோன்பைப் பிறகு நோற்கலாம் என்று குர்ஆனே விலக்களிப்பது தெரிந்த சிஸ்டரிடம் மனம்விட்டுப் பேசுவார். நோற்றே தீருவேன் என்றால் சஹர், இஃப்தார் உணவு வேளைகளுக்கு ஏற்றபடி டாக்டர் டோஸை மாற்றித் தரட்டும்.

டாக்டர்களுக்கான எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் 2019 முதல் மனப்பாங்கு, அறநெறி, தொடர்பாடலுக்கென 'ஏட்காம்' என்ற தனிப் பகுதி இருக்கிறது. நல்லதே. ஆனால் இதைக் கட்டிலருகில்தான் கற்க முடியும். அங்கே உங்கள் சாமியைக் கொண்டுபோகாதீர்கள். கேட்காதவருக்கு ஜெபமும் வேண்டாம், திருநீறும் வேண்டாம்.

ஐ.சி.யு.வில் உயிர் பிரியும் நேரம் ஒரு குடும்பம் வாயில் பால் விட வேண்டும் என்று கேட்கும். இன்னொன்று பாதிரியாரை அழைக்கும். மற்றொன்று முகத்தை மேற்கே, கிப்லா பக்கம் திருப்பச் சொல்லும். அப்போது மேற்கு எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது. டியூட்டியில் சேரும் முதல் நாளே பார்த்து வையுங்கள்.

கல்லூரி முதல்வர் அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த ஆண்டு இதைப் பாடமாக்கித் தேர்வு வைக்காதீர்கள். சீனியர் சிஸ்டர் ஒருவரோடு மாணவிகளை நைட் டியூட்டிக்கு அனுப்புங்கள்.