வெளிநாட்டில் தொலைத்தொடர்பு வேலை: கையெழுத்துக்கு முன் கணக்கு

(உக்குவளையில் நடைபெற்ற சங்கத்தின் தோட்ட இளைஞர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



வெளிநாட்டு வேலை என்றால் ஒரு காலத்தில் நம் லயங்களில் வீட்டு வேலை, டிரைவர் வேலை என்றுதான் பேச்சு. இப்போது அப்படி இல்லை. 2013 இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கியது. அதில் படித்த பிள்ளைகள் நம் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். போன் கோபுரத்தில் ஏறுகிறவர், வீட்டுக்கு வீடு பைபர் இணைப்புக் கொடுக்கிறவர், வலையமைப்புப் படித்தவர் என்று இந்தக் கூட்டத்திலேயே சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். "சவூதிக்குப் போகலாமா, கட்டாருக்குப் போகலாமா, கனடாவில் இஞ்சினியர் ஆகலாமா?" என்று கேட்கிறீர்கள். வளைகுடாவில் இந்தத் தொழிலில் பல வருடம் இருந்தவன் என்பதால் சங்கம் என்னைப் பேச அழைத்தது. போகாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. எப்படிப் போக வேண்டும் என்று சொல்லவே வந்தேன்.

கடல் கடந்து வேலைக்குப் போவது நமக்குப் புதிது அல்ல. நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக நடந்து, இந்த மாத்தளைக்கு வந்துதான் தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கே இல்லை. வந்து சேர்ந்தவர்களும் கடனோடுதான் வந்தார்கள். வழிச்செலவு, கங்காணி கொடுத்த முன்பணம் எல்லாம் அவர்கள் தலையில் எழுதப்பட்டது. அந்தக் கடனை எழுதிய கடதாசிக்குத் 'துண்டு' என்று பெயர். கடனை யாராவது தீர்த்தால்தான் தொழிலாளி அடுத்த தோட்டத்துக்குப் போக முடியும். 1921 இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் இன்று ஏஜென்ட்காரரிடம் கடன்பட்டு விமானம் ஏறுகிற பிள்ளையின் சட்டைப்பையிலும் ஒரு துண்டு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். சம்பளம் பேசியபடி வராவிட்டாலும், வேலை பேசிய வேலையாக இல்லாவிட்டாலும், வீட்டில் வட்டி ஏறுகிறதே என்று அவன் வாய் திறக்கமாட்டான்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு ஏஜென்ட் எட்டு இலட்சம் ரூபாய் கேட்கிறார் என்று வையுங்கள். நாட்சம்பளத்தை 1350 ரூபாய் என்று எடுத்தால், எட்டு இலட்சம் என்பது 593 நாள் வேலை. மாதம் 25 பேர் போட்டாலும் இரண்டு வருடம் ஆகும். அதுவும் அரிசி மா வாங்காமல், பிள்ளைக்குக் கொப்பி வாங்காமல். அம்மா இரண்டு வருடம் பறித்த கொழுந்தை ஒரே நாளில் ஒருவர் கையில் கொடுக்கிறோம். கொடுக்கும்போது பற்றுச்சீட்டுக் கேட்க வெட்கப்படுகிறோம். சங்கச் சந்தாவுக்குக்கூடத் துண்டு கேட்கிற நாம், எட்டு இலட்சத்துக்குக் கேட்கமாட்டோமா?

நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்?

தொலைத்தொடர்பு வேலை என்பது ஒரே வேலை அல்ல. மூன்று படி இருக்கிறது.

முதற்படி வெளிக்கள வேலை. கோபுரத்தில் அன்டெனா கட்டுவது, கேபிள் இழுப்பது, பைபர் ஒட்டுவது. இரண்டாவது படி டெக்னீசியன். கருவியைப் பொருத்தி இயக்குவது, பழுது கண்டுபிடிப்பது, சிக்னலை அளப்பது. மூன்றாவது படி பொறியியலாளர். வலையமைப்பைத் திட்டமிடுவதும் வடிவமைப்பதும் அவர் வேலை. ஏஜென்ட்காரர் மூன்றையும் 'டெலிகொம் இஞ்சினியர்' என்றே சொல்வார். வெளிநாட்டுச் சட்டம் அப்படிச் சொல்லாது.

சவூதியில் பொறியியலாளர் என்ற பெயரில் வேலை செய்ய அந்நாட்டுப் பொறியியலாளர் சபையில் பதிய வேண்டும். கனடாவில் அனுமதிப் பத்திரம் இல்லாதவர் தன்னைப் பொறியியலாளர் என்று சொல்லிக்கொள்ளவே கூடாது. அந்தப் பத்திரத்தை ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியாகக் கொடுக்கிறது. ஒன்ராரியோவில் நீண்ட காலமாக ஒரு தடை இருந்தது. அனுமதி கேட்க, கனடாவிலேயே வேலை செய்த அனுபவம் வேண்டும் என்றார்கள். வேலை இல்லாமல் அனுபவம் எங்கே வரும்? வெளிநாட்டில் இருந்து போனவர்களில் எத்தனையோ பேர் அந்த வாசலில் நின்றார்கள். 2023 மே மாதம் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. ஆனாலும் டெக்னீசியன் வேலைக்குப் பொதுவாக இந்தப் பத்திரம் கேட்பதில்லை. அதனால் புதிதாகப் போகிறவர் பலர் இரண்டாவது படியில் வேலையில் சேர்ந்துகொண்டே மூன்றாவது படிக்கு விண்ணப்பிக்கிறார்கள். அது இறக்கம் அல்ல. அதுதான் வழி.

பல்கலைக்கழகம் போகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. மொறட்டுவையில் மின்னணு, தொலைத்தொடர்புப் பொறியியல் துறை இருக்கிறது. பக்கத்தில் பேராதனையில் மின், மின்னணுப் பொறியியல் இருக்கிறது. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்புரிமை பெற்றது. அந்நிறுவனம் தரச்சான்று கொடுத்த பொறியியல் பட்டத்தை அவுஸ்திரேலியா, கனடா, பிரித்தானியா போன்ற உறுப்பு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் சமமாகப் பார்க்கின்றன. எல்லாப் பட்டத்துக்கும் இது கிடையாது. தனியார் கல்லூரிக்குப் பணம் கட்டும் முன் "இந்தப் பட்டத்துக்கு அந்தத் தரச்சான்று இருக்கிறதா?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பட்டம் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வீ.கியூ., ஏழு மட்டங்களில் இருக்கிறது. நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். கண்டித் தொழில்நுட்பவியல் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையங்கள், ஹட்டன் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் ஆகியவற்றில் விசாரியுங்கள். நான்கைந்து வருடம் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்து, கையில் ஒரு கடதாசியும் இல்லாதவர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்கு 'முன் கற்றலை அங்கீகரித்தல்' என்ற முறை இருக்கிறது. செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி, பரிசோதகர் முன் செய்து காட்டினால் என்.வீ.கியூ. சான்றிதழ் பெறலாம். மறுபடி வகுப்பில் உட்காரத் தேவையில்லை.

பெயர் ஒன்றாக இருக்கட்டும்

நம் ஆட்களுக்கு மட்டும் உள்ள ஒரு தொல்லையைச் சொல்கிறேன். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பரீட்சைச் சான்றிதழில் இன்னொரு பெயர். தோட்டத்தில் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதினார். பிறகு சிங்களத்தில் இருந்து ஆங்கிலத்துக்கு மாற்றியவர் தன் இஷ்டத்துக்கு எழுதினார். இங்கே அது சிரிப்பு. அங்கே அது வேறு ஆள். எழுத்து மாறினால் தகைமைச் சரிபார்ப்பு நின்றுவிடும், விசாவும் நின்றுவிடும்.

ஆகவே கடவுச்சீட்டுக்குப் போகும் முன் எல்லாப் பத்திரத்தையும் மேசையில் வரிசையாக வையுங்கள். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் உக்குவளைப் பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவுக்குப் போங்கள். தேவையானால் சத்தியக் கடதாசி முடியுங்கள். இதற்கு மாதக் கணக்கு ஆகலாம் என்பதால் வேலை கிடைத்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது. சான்றிதழ்களை உறுதிப்படுத்த வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு இருக்கிறது. அதற்குக் கண்டியிலும் பிராந்திய அலுவலகம் உண்டு. இடைத்தரகர் தேவையில்லை.

வேலையை எங்கே தேடுவது?

பெரிய கம்பனிகளின் பெயரைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். சவூதியில் எஸ்.டி.சி., மொபைலி, ஸெய்ன். கட்டாரில் ஊரிடூ, வோடஃபோன். ஆனால் கோபுரத்திலும் தெருவிலும் நடக்கிற வேலையில் பெரும்பகுதி அவர்களின் கீழுள்ள ஒப்பந்தக் கம்பனிகளிடம் இருக்கிறது. எரிக்சன், நொக்கியா, ஹுவாவி போன்ற கருவிக் கம்பனிகளின் வேலையும் இவர்கள் கைக்குத்தான் வருகிறது. புதிதாகப் போகிறவருக்குக் கதவு திறப்பது பெரும்பாலும் அங்கேதான்.

விண்ணப்பத்தில் "கடின உழைப்பாளி, நேர்மையானவர்" என்று பக்கம் நிரப்பாதீர்கள். எந்தக் கம்பனியின் கருவியில் வேலை செய்தீர்கள், எத்தனை கோபுரம், எத்தனை பைபர் ஒட்டு, எந்த அளவுகோல் கருவி பிடிக்கத் தெரியும் என்று எண்ணோடு எழுதுங்கள். இரண்டு பக்கம் போதும். வலையமைப்புப் பக்கம் போகிறவர்கள் சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. பரீட்சை எழுதலாம். அது உலகம் முழுவதும் தெரிந்த சான்றிதழ், மூன்று வருடம் செல்லுபடியாகும். ஆங்கிலத்தில் ஒரு பழுதை விளக்கப் பழகுங்கள். நேர்முகத்தில் பெரும்பாலும் அதைத்தான் கேட்பார்கள். தமிழும் சிங்களமும் தெரிந்த நமக்கு இன்னொரு மொழி பாரம் இல்லை.

கையெழுத்து வைக்கும் முன்

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப, 1985 ஆம் ஆண்டு 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் வேண்டும். உரிமம் உள்ள ஏஜென்சியா என்று பணியகத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம். 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். பிரதேச செயலகத்திலும் இதற்கென உத்தியோகத்தர் இருக்கிறார். லயத்துக்கு வந்து பேசுகிற ஆள் அந்த ஏஜென்சியின் பெயரைச் சொல்கிற துணைத் தரகராக இருக்கலாம். அவர் கையில் பணம் கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் நான்கு இடத்தில் விரல் வைத்துப் படியுங்கள். வேலையின் பெயர், அடிப்படைச் சம்பளம், வேலை நேரமும் மேலதிக நேரமும், தங்குமிடமும் திரும்பி வரும் டிக்கெட்டும். ஒப்பந்தத்தில் உள்ள தொழிலும் விசாவில் உள்ள தொழிலும் ஒன்றாக இருக்க வேண்டும். என்னோடு இருந்த ஒரு தம்பிக்கு ஒப்பந்தத்தில் டெக்னீசியன், விசாவில் கூலியாள். கம்பனி விசாவைக் காட்டித்தான் சம்பளம் கொடுத்தது. கோபுரத்தில் மட்டும் டெக்னீசியனாக ஏற்றியது.

விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழும்பி வாருங்கள். கணினி வேலை, நல்ல சம்பளம் என்று நம்பித் தாய்லாந்துப் பக்கம் போன நம் நாட்டு இளைஞர்கள், எல்லை தாண்டி மியன்மாரின் மியாவடியில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். 2024 இல் ஐம்பதுக்கும் அதிகமான இலங்கையர் அங்கே சிக்கியிருந்தார்கள். அவர்கள் படிக்காதவர்கள் அல்ல. படித்தவர்களைத் தேடித்தான் அந்த வலை விரிக்கப்பட்டது.

போன பிறகு கடவுச்சீட்டை முதலாளியிடம் விட்டுவைக்காதீர்கள். கட்டாரில் அதைப் பறித்து வைப்பது சட்டப்படி குற்றம். எல்லாப் பத்திரத்தையும் படம் எடுத்து வீட்டுக்கும் அனுப்பி வையுங்கள். சம்பளம் கிடைத்த திகதியையும் தொகையையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். கோபுரத்தில் ஏறும்போது இடுப்பு வார், தலைக்கவசம், இரட்டைக் கொக்கி இல்லாமல் ஏறச் சொன்னால் ஏறாதீர்கள். வேலை போனால் இன்னொரு வேலை தேடலாம். காற்றடிக்கும் நாளில் ஐம்பது மீட்டர் உயரத்தில் தவறினால் தேட ஒன்றும் இருக்காது.

அம்மா அப்பாமாருக்குக் கடைசியாக ஒன்று. பிள்ளை போன் எடுத்து "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொன்னால் விட்டுவிடாதீர்கள். என்ன வேலை, யார் சம்பளம் கொடுக்கிறார், பாஸ்போர்ட் யார் கையில் என்று கேளுங்கள். நகையை அடகு வைக்கும் முன், ஒப்பந்தத்தைச் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். கூட்டு ஒப்பந்தம் வாசித்துப் பழகியவர்கள் நாங்கள். இதையும் வாசித்துச் சொல்வோம். அதற்குக் கட்டணம் இல்லை.

நம் பாட்டன்மார் கடதாசியில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைத்தார்கள். நம் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியும். வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். போய் வாருங்கள், நல்லபடியாக வாருங்கள்.